வெட்டு எங்கே? – குறுக்கெழுத்துக்கு உதவி கேட்பது எப்படி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஏழு மணிக்கு காபி டம்ளரும் பேப்பருமாகத் திண்ணைக்கு வந்துவிடுவார். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான், முதலில் குறுக்கெழுத்து. அதுவும் ஆங்கில ‘தி ஹிண்டு’வில் வரும் ‘கிரிப்டிக்’ வகை. குறிப்பைப் படித்தால் ஒரு அர்த்தம் இருக்கும், விடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

முதல் வருஷத்தில் ஒரு சீனியர், “டெய்லி கிராஸ்வேர்ட் போடு, பிளேஸ்மெண்டுக்கு இங்கிலீஷ் ஏறும்” என்றார். நான் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு குறிப்பும் விழவில்லை. அவர் போட்டு முடித்த கட்டத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு காலேஜ் பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் குரூப்பில் அதைப் போட்டதும் பதினைந்து பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் மாமா கேட்டார்: “நேத்து பதினாலாவது எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்.” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. “விடை நாளைக்குப் பேப்பர்லயே வரும்டா. அதுக்கு நான் எதுக்கு?” என்றார்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை. குறுக்கெழுத்தின் விடை மறுநாள் காலையில் தானாகவே அச்சாகி வீட்டு வாசலில் வந்து விழப்போகிறது. அப்படியென்றால் இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய உதவி என்ன? இரண்டு வருஷத்தில் நான் கற்றதை, உங்களுக்கும் பயன்படும் மாதிரி, தமிழ்க் குறிப்புகளை வைத்தே சொல்கிறேன். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் நானே செய்தவை. அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ‘கா’ ஒரு எழுத்து, ‘க்’ ஒரு எழுத்து.

1. இது என்ன மாதிரி புதிர்?

குறுக்கெழுத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்டதுதான் முதல் குறுக்கெழுத்து என்று சொல்கிறார்கள். அது நேரடிக் கேள்வி வகை. ‘தலைநகர் எது’ என்று கேட்டால் தலைநகரைப் போட வேண்டியதுதான். பிறகு இங்கிலாந்தில் அதை வளைத்தார்கள். குறிப்பு ஒன்றைச் சொல்லும், விடை இன்னொன்றாக இருக்கும். லண்டன் ‘டைம்ஸ்’ 1930இல் தன் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திரிகை, 12 நிமிஷத்தில் யார் முடிக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தது. அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பின்னால் அழைப்பு வந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை! குறுக்கெழுத்தும் சங்கேதமும் ஒரே மூளையைத்தான் கேட்கின்றன.

நம்ம ஊர்ப் பேப்பரில் வருவதும் அந்த வகைதான். 15க்கு 15 கட்டம். பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும். புதிரைச் செய்கிறவர்கள் கிரிட்மேன், ஆர்டன் என்று புனைபெயரில் வருவார்கள். இது நமக்குப் புதுசு இல்லை. இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் படித்து, பிறகு இன்ஜினியரான ரங்கராஜன், மனைவி பெயரில் ‘சுஜாதா’வாக எழுதியவர்தானே.

மாமா எனக்குச் சொன்ன முதல் உதாரணம் இது. ஆங்கிலக் குறிப்பில் ‘ஃப்ளவர்’ என்று வந்தால் உடனே பூவைத் தேடாதே. ‘ஃப்ளோ’ ஆவது எதுவோ அதுவும் ‘ஃப்ளோ-வர்’தான். எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் வேறு. ஆகவே விடை ஏதாவது ஒரு ஆறாக இருக்கலாம். “நம்ம காவேரியும் ஃப்ளவர்தாண்டா” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டு பிடித்தது.

2. வெட்டு எங்கே?

மாமாவிடம் எந்தக் குறிப்பை நீட்டினாலும் முதலில் கேட்பது “வெட்டு எங்கே?” என்பதுதான்.

கிரிப்டிக் குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று, விடையின் நேர்ப்பொருள். மற்றது, அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் கடைசியில் இருக்கும். நடுவில் ஒளிந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வெட்டினால் குறிப்பு இரண்டாகப் பிளக்கும். புதிர் செய்கிறவரின் வேலையே அந்த வெட்டு தெரியாமல் ஒட்டுவது. நம் வேலை அதைக் கண்டுபிடிப்பது. வாக்கியமாகப் படித்தால் ஏமாந்தோம்.

ஒரு குறிப்பு:

ஐந்துக்குப் பின் வருவது கடலுக்குப் போகும் (2)

‘வருவது’ என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டுங்கள். ஐந்துக்குப் பின் வருவது ஆறு. கடலுக்குப் போவதும் ஆறு. இரண்டு பக்கமும் ஒரே விடை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, நடுவில் தீவாக ஸ்ரீரங்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆறு இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது வரவில்லை என்றால் வெட்கம்.

3. கருவிகள் நம்மிடம் இருந்தவைதான்

இந்த வகைப் புதிரைத் தமிழில் யோசித்தபோது ஒன்று புரிந்தது. இதன் பாகங்களுக்கெல்லாம் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரத்தில் சித்திரகவி என்று ஒரு பகுதி உண்டு. எழுத்தை வைத்து விளையாடும் செய்யுள் வகைகளை அது பட்டியல் போடுகிறது. பிளஸ் டூவோடு தமிழை மூட்டை கட்டி வைத்தவர்கள் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

சிலேடை: ஒரு சொல், இரண்டு பொருள். மேலே பார்த்த ‘ஆறு’ இதுதான். இதில் மன்னன் காளமேகப் புலவர். அவர் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார், பிறகு திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரி அருளால் பாட்டு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பாம்புக்கும் எள்ளுக்கும், யானைக்கும் வைக்கோலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பாட்டைப் பாடியவர். இன்றைக்கு இருந்திருந்தால் எந்தப் பேப்பரும் அவரைப் புதிர் போடச் சொல்லிக் கூட்டிப் போயிருக்கும்.

கரந்துறைச் செய்யுள்: ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பது. நம் புதிரில் பாட்டுக்குப் பதில் சொல் ஒளிந்திருக்கும்.

அக்கா விரித்ததில் ஒளிந்து ஓடும் ஆறு (3)

‘ஒளிந்து’ என்ற சொல் சாடை காட்டுகிறது. அக்(காவிரி)த்தது என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை மறந்தால் காவிரி தெரியும். விடை கண்ணெதிரே அச்சாகியிருந்தும் கண்ணில் படாது என்பதுதான் இந்த வகையின் அழகு.

வினாவுத்தரம்: சின்னச் சின்னக் கேள்விகள், அவற்றின் பதில்களைச் சேர்த்தால் ஒரு பெரிய பதில். திரு, ஏகு, அம்பு என்று துண்டு துண்டாக விடை வந்து, கடைசியில் காஞ்சிபுரத்துத் ‘திருவேகம்பம்’ ஆகிற பாட்டு ஒன்று இதற்கு உதாரணம். நம் புதிரில்:

படி, பிறகு தழுவு: கரிகாலன் பெயர் சொல்லும் (4)

‘படி’ என்றதும் மாடிப்படி ஏறினால் அவ்வளவுதான். படி என்றால் கல், அதாவது கற்றுக்கொள். தழுவு என்றால் அணை. கல்லும் அணையும் சேர்ந்தால் கல்லணை. ‘கல்’லில் ஒரே ஒரு ‘ல்’தான் இருக்க, விடையில் ‘ல்ல’ எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி விதி. தனிக்குறிலை அடுத்த மெய்யெழுத்துக்குப் பின் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். ஆங்கிலப் புதிரில் இந்தத் தொல்லை கிடையாது, இந்தச் சுகமும் கிடையாது.

அக்கரச்சுதகம்: சொல்லிலிருந்து எழுத்தை எடுத்துவிட்டு வேறு சொல் காண்பது.

தலையிழந்த கிரீடம் தண்ணீர் சுமக்கும் (3)

கிரீடம் என்றால் மகுடம். தலை, அதாவது முதல் எழுத்து, போனால் குடம். இதற்கு எதிர்ப்பக்கம் எழுத்து வருத்தனம், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது.

இதோடு எழுத்துக் கலைப்பு என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை இடம் மாற்றிப் போடுவது. ஆங்கிலப் புதிரில் அதிகம் வருவது இது.

தகவு குலைந்து வாசலில் நிற்கும் (3)

‘குலைந்து’ என்பது சாடை. த-க-வு குலைந்தால் க-த-வு. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், கலைத்துப் போடுவது சுலபம். நமக்கு 247. அதனால் தமிழில் இந்த வகை அபூர்வம், கிடைத்தால் தங்கம்.

பட்டியலில் மாலைமாற்றும் உண்டு. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்று. சின்ன வயதில் எல்லாரும் சொல்லித் திரிந்த ‘தேரு வருதே’ அதுதான். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

4. உதவிக்கும் படி உண்டு

இப்போது விஷயத்துக்கு வருவோம். மாட்டிக்கொண்டால் எப்படி உதவி கேட்பது? மாமாவிடம் அடி வாங்காமல் நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

முதல் படி, கட்டத்திடமே கேள். எத்தனை எழுத்து? குறுக்கே போகும் சொல்லிலிருந்து எந்த எழுத்து வந்திருக்கிறது? குறிப்பு பன்மையில் இருந்தால் விடையும் பன்மை, வினையாக இருந்தால் விடையும் வினை. ஒரு குறிப்பு வரவில்லை என்றால் அடுத்ததுக்குப் போய், அது தரும் எழுத்தோடு திரும்பி வா. யாரையும் தொந்தரவு செய்யாத உதவி இதுதான்.

இரண்டாம் படி, வெட்டு எங்கே என்று மட்டும் கேள். பாதிக்கு மேல் இதிலேயே விழுந்துவிடும். நான் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தப்பான பக்கத்தை நேர்ப்பொருள் என்று நம்பிவிடுவதால்தான்.

மூன்றாம் படி, எந்த வகை என்று கேள். ஒளிப்பா, கலைப்பா, சேர்ப்பா? எந்தச் சொல் சாடை?

நான்காம் படி, ஒரே ஒரு துண்டைக் கேள். “இதில் ‘தழுவு’ எதற்கு?” என்கிற மாதிரி.

ஐந்தாம் படி, விடை. எதுவுமே வரவில்லை என்றால் கேட்டுவிடலாம், குற்றமில்லை. ஆனால் கேட்டபின் அது எப்படி வந்தது என்று பேப்பர் ஓரத்தில் உன் கையால் எழுது. எழுத முடியவில்லை என்றால் அந்தக் கட்டம் இன்னும் காலிதான், பேனா மை மட்டும் இருக்கிறது.

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு நானூறுக்கு மேல் படி. மூச்சு வாங்கும்போது கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறவர் உதவி செய்கிறார். கீழேயே நிறுத்தி, மேலே இருந்து காவிரி எப்படித் தெரியும் என்று விவரிக்கிறவர் பொழுதைப் போக்குகிறார்.

இது நம் லேப் ரெக்கார்டுக்கும் கோடிங் அசைன்மெண்டுக்கும் பொருந்துகிறது என்று நான் சொல்லவே வேண்டாம். “மச்சி, புரோகிராம் அனுப்புடா” என்பது ஐந்தாம் படி. “லூப் ஒரு சுற்று அதிகமா ஓடுது, கண்டிஷன் தப்பா, ஆரம்ப மதிப்பு தப்பா?” என்பது இரண்டாம் படி. இப்போது ஏஐயிடம் கேட்டாலும் இதே கணக்குதான். முழு விடையைக் கேட்டால் முழு விடையைத் தரும். வைவாவில் எதிரே உட்காரும் எக்ஸ்டர்னல், மாமா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்: இது எப்படி வந்தது?

5. உதவி செய்கிறவருக்கும் ஒரு பாடம்

போன வருஷம் மாமாவுக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் சில வாரம் பொடி எழுத்து படிக்க முடியவில்லை. டிவி பார்க்காமல்கூட இருந்துவிட்டார், குறுக்கெழுத்து இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. நான் காலையில் அரை மணி முன்னால் எழுந்து, குறிப்புகளைப் படித்துக் காட்டப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “மூணாவது எழுத்து என்ன வந்திருக்கு? சரி, இருக்கட்டும்.” கட்டம் முழுக்க அவர் மனசுக்குள் இருக்கும். நான் வெறும் பேனா.

ஒரு நாள் ஒரு குறிப்பில் அவர் நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எனக்கு விடை பட்டென்று வந்துவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவை மாமாவுக்கு முன்னால்! சந்தோஷத்தில் கத்திச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார், “சரிதான்” என்றார், “எழுதிக்கோ” என்றார். அதற்கப்புறம் அன்றைக்குப் பேசவே இல்லை. மிச்சம் ஆறு குறிப்பு இருந்தது. “நாளைக்குப் பார்த்துக்கலாம்டா, நீ பஸ்ஸைப் பிடி” என்று உள்ளே போய்விட்டார்.

பஸ் காவிரிப் பாலத்தில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த நாளில் தானே செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். அதை நான் செய்து முடித்துவிட்டேன்.

மறுநாள் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது குறிப்பிலேயே அவர் யோசிக்க ஆரம்பித்தார். எனக்கு விடை தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் விட்டுக் கேட்டேன்: “மாமா, வெட்டு எங்கே?”

அவர் கண்ணை மூடியபடியே, “அப்படிக் கேளு” என்றார். அன்றைக்கு முழுக் கட்டமும் நிரம்பியது. எனக்கு முதல் பீரியட் போயிற்று.

இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் ஒரு பேப்பர், அவர் ஒரு பேப்பர். ஏழரை மணிக்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். இன்னும் அவர்தான் ஜெயிக்கிறார்.

6. உங்கள் முறை

நான்கு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உதவி மட்டும் தந்திருக்கிறேன்.

1. ஞாயிறு போனதும் வரும் நிலா (4)
உதவி: வெட்டு ‘நிலா’வுக்கு முன்னால். ஞாயிறு வானத்தில் மட்டுமா இருக்கிறது?

2. நெரிசலில் குழம்பிய நகரம் பாவிகளுக்கான இடம் (4)
உதவி: ‘குழம்பிய’ என்பது சாடை. சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு எழுத்தைக் கலைக்காமலே விடை வரும்.

3. தேர்வில் கடைசியை விட்டால் ஊரே சேர்ந்து இழுக்கும் (2)
உதவி: அக்கரச்சுதகம். அரியர் பற்றிய குறிப்பு இல்லை, பயப்பட வேண்டாம்.

4. கவிஞன் தலையோடு விதை போட்டால் அவன் அறுவடை (3)
உதவி: குடத்தில் ‘தலை’ என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? இங்கே எடுக்கவில்லை, சேர்க்கிறோம்.

ஒன்று கவனித்தீர்களா? ஸ்ரீரங்கம் விடையாக வருகிற குறிப்பை நான் போடவில்லை. ‘ஸ்ரீ’க்கு ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்று மாமாவுக்கும் எனக்கும் சண்டை இன்னும் தீரவில்லை. திருவரங்கம் என்றால் ஏழு கட்டம், சண்டையில்லை. நல்ல குறிப்பாக யாராவது எழுதி அனுப்புங்கள்.

விடைகள் அடுத்த இதழில். அதற்குள் என்னைக் காரிடாரில் பார்த்தால் கேட்கலாம். ஆனால் நான் என்ன கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.